பஹ்ரைனுக்குப் போன மாதிரிப் பெட்டி

கரி மூட்டையைத் தைப்பதற்கு முன்னால் அதற்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பார்ப்பது என் வழக்கம். சூடு இருக்கிறதா என்று பார்க்கத்தான். மூட்டத்தைப் பிரித்து ஒரு வாரம் ஆன கரிகூட உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். மேலே தொட்டால் பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருக்கும். எங்கள் கிட்டங்கி விளாத்திகுளத்திலிருந்து நாகலாபுரம் போகிற ரோட்டில் தகரம் போட்ட ஒரு நீளக் கொட்டகை. இதுவரை அங்கே தீப்பிடித்ததில்லை. பிடித்ததே இல்லை என்பதுதான் என் பயத்துக்குக் காரணம். ஒரு தடவை பிடித்திருந்தால், சரி, வந்தது போனது என்று இருந்திருப்பேனோ என்னவோ.

எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள் நான். கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்திருக்கிறேன். படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. அரைப்பரீட்சை லீவுக்குப் பிறகு போகவில்லை. போகாததற்கு வீட்டில் ஒருவரும் பெரிதாக வருத்தப்படவில்லை. நான்தான் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்: எட்டாவதில் என்ன சொல்லிக் கொடுத்திருப்பார்கள், அதில் எனக்கு வேண்டியது ஏதாவது இருந்திருக்குமோ என்று.

எங்கள் தொழிலை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். இந்தக் கரிசலில் விதைக்காமல் விட்ட காட்டில் வேலிக்கருவை தானாக அடைந்துவிடும். அதை வெட்டி, அடுக்கி, மண் மூடி, மூட்டம் போட்டுக் கரியாக்குவார்கள். நானும் வீட்டுக்காரரும் அதை வாங்கி, ஆறவைத்து, மூட்டை பிடித்து விற்கிறோம். கரியில் இரண்டு வகை. மரத்தின் தூரைத் தோண்டி எடுத்துச் சுட்டது தூர்க்கரி. கனமாக இருக்கும், ஒன்றோடொன்று தட்டினால் பாத்திரம் போல ஓசை வரும், நின்று எரியும். கொப்பும் கிளையும் வெந்தது குச்சிக்கரி. அது லேசு. சட்டென்று பற்றும், சட்டென்று தீரும். ஒரு மூட்டத்தில் தூர் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். எங்கள் மூட்டைகளில் இரண்டும் கலந்துதான் இருக்கும். தூத்துக்குடி வியாபாரி ஒருவர் வருஷக்கணக்காக அப்படியே வாங்கிக்கொண்டிருந்தார்.

அப்படியிருக்கும்போதுதான் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பஹ்ரைனிலிருந்து லீவில் வந்தார். அவர் வேலை பார்க்கிற கடையில், இறைச்சி சுடுகிற ஓட்டல்களுக்குக் கரி கொடுக்கிறார்களாம். முதலாளி நல்ல கரி தேடுகிறார், மாதிரிக்குக் கொஞ்சம் அனுப்பிப் பாருங்கள் என்றார்.

அந்த மாதிரியை எடுத்த கதையைச் சொல்ல வேண்டும். வேண்டியது பத்துக் கிலோ. அதற்கு நாங்கள் மூன்று பேர், நான், வீட்டுக்காரர், எங்கள் அண்ணன் பொண்டாட்டியாகிய மதினி, மூன்று நாள் உட்கார்ந்தோம். கிட்டங்கியில் மூட்டை தைப்பதும் பொறுக்குவதும் மதினியின் பொறுப்பு. மதினி ஒவ்வொரு கரியையும் இன்னொன்றோடு தட்டிக் காதருகே வைத்துக் கேட்டாள். ஓசை சரியில்லையென்றால் தூக்கி எறிந்தாள். கைப்பிடி அளவுக்குக் குறைந்தது ஒன்றும் பெட்டிக்குள் போகவில்லை. எல்லாம் தூர்க்கரி. நான் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொன்றையும் தூசி போகத் துடைத்துப் பேப்பரில் சுற்றி வைத்தேன். என் மகளுக்குக் கொண்டுபோன சீர்ப் பலகாரத்தைக்கூட நான் அவ்வளவு கவனமாக அடுக்கியதில்லை. யாரையும் ஏமாற்றுகிற எண்ணம் சத்தியமாக எங்களுக்கு இல்லை. ஊர் விட்டு ஊருக்கு ஒன்றை அனுப்பினால் இருப்பதிலேயே நல்லதை அனுப்ப வேண்டும். ஊறுகாய் கொடுத்து விட்டாலும் நாங்கள் அப்படித்தான் செய்வோம். உடைந்த மாங்காய்த் துண்டை நாம் வைத்துக்கொண்டு முழுத் துண்டாகப் பார்த்துப் போடுவோம். மரியாதை என்றுதான் நினைத்தோம்.

கரியை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பல பேர் சரக்கைச் சேர்த்து ஒரே கண்டெய்னரில் அனுப்புகிற ஆபீஸ் தூத்துக்குடியில் இருக்கிறது. அங்கே, இந்தக் கரி வழியில் தானாகத் தீப்பிடிக்காது என்று ஒரு சோதனைச் சான்றும் வாங்கிக்கொண்டு, எங்கள் பெட்டி கப்பலில் போனது. ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. முதலாளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு கண்டெய்னர் நிறைய வேண்டும். இரண்டு மாதத்துக்குள் கப்பலேற்ற வேண்டும்.

வீட்டுக்காரர் அன்றைக்கே பைக்கை எடுத்துக்கொண்டு சுற்று வட்டத்தில் மூட்டம் போடுகிற பதினோரு குடும்பங்களுக்குப் போய், இந்தத் தடவை கரியை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், நாம் நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்களும் நம்பி நிறுத்தி வைத்தார்கள். தூத்துக்குடி வியாபாரியிடமும் இந்த வருஷம் இல்லை என்று சொல்லியாயிற்று. அவர் கோபப்படவில்லை. “நல்லா இருங்க” என்று மட்டும் சொன்னாராம். அந்த இரண்டு வார்த்தையை நான் ஒரு வாரம் மென்றுகொண்டிருந்தேன். நன்றாக இருங்கள் என்றால் நன்றாகத்தானே இருக்க வேண்டும், ஏன் அது என் காதில் வேறு மாதிரி விழுகிறது?

ஒப்பந்தம் போனில் வந்தது. எட்டுப் பக்கம், முழுக்க இங்கிலீஷ். விளாத்திகுளத்தில் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, வீட்டுக்காரர் எட்டுப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, அங்கேயே திருப்பி அனுப்பிவிட்டார். எல்லா ஊரிலும் எழுதுகிறதைத்தான் எழுதியிருப்பார்கள் என்றார். நான் அந்தக் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். எனக்கு இங்கிலீஷில் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். மத்தியானம் வேலை ஓய்கிற நேரத்தில் ஒவ்வொரு வரியாக எழுத்துக் கூட்டுவேன். விலை இருக்கிற இடம் தெரிந்தது. தேதி தெரிந்தது. ஆறாவது பக்கத்தில் ஒரு பத்தி. அதில் ஒரு ஊர்ப்பேர் போல ஏதோ ஒன்று. கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். வியன்னா.

வாங்குகிறவர் பஹ்ரைன். விற்கிற நாங்கள் விளாத்திகுளம். நடுவில் வியன்னா எங்கிருந்து வந்தது? வீட்டுக்காரரிடம் கேட்டேன். கப்பல் அந்த வழியாகப் போகுமாயிருக்கும் என்றார். மகளிடம் போனில் கேட்டால், அது ஐரோப்பாவில் அம்மா, அங்கே கடலே கிடையாது என்றாள். கடலே இல்லாத ஊருக்கும் நம் கரிக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் வீட்டுக்காரரே சொல்லிவிட்டார், கோவில்பட்டிக்குப் போய் அந்த வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டு வா, அப்போதாவது நீ சாப்பிடுவாய் என்று.

வக்கீலம்மா எங்கள் அண்ணன் நிலத்துப் பாகப்பிரிவினையை முடித்துக் கொடுத்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். எட்டையபுரம் வழியாகப் பஸ் பிடித்துப் போனேன். மடியில் மஞ்சப்பையும் அதற்குள் எட்டுப் பக்கமும். அவர் அறையில் வழி வாய்க்கால் தகராறுக்கு வந்த நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்து, ஆறாவது பக்கத்தை எடுத்து விரலை வைத்துக் காட்டினேன்.

அந்தப் பத்தியைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. காலேஜில் படித்ததோடு சரி, இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவர்கூட என்னிடம் வந்ததில்லை என்றார். மேல் அலமாரியிலிருந்து பழைய நோட்டு ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். எனக்கோ ஒருவரும் கொண்டுவராத வியாதியோடு நாம் வந்திருக்கிறோமோ என்று இருந்தது.

அவர் பொறுமையாகச் சொன்னார். ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டுக்காரருக்குச் சரக்கு விற்றால் எந்த நாட்டுச் சட்டப்படி நடப்பது என்ற குழப்பம் வரும். அதற்காகப் பல நாடுகள் சேர்ந்து பொதுவாக ஒரு சட்டம் எழுதிக்கொண்டன. எழுதிய இடம் வியன்னா, அதனால் அந்தப் பேர், வேறு ஒன்றுமில்லை. நம் நாடு அதில் இன்னும் சேரவில்லை. ஆனால் பஹ்ரைன் சேர்ந்திருக்கிறது, போதாததற்கு இதுதான் நமக்குச் சட்டம் என்று உங்கள் வீட்டுக்காரரே கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

எனக்கு உயிர் வந்தது. ஊர்ப்பேர்தான் என்றால் சரி. எழுந்திருக்கப் போனேன். அவர் நோட்டைப் புரட்டிக்கொண்டே, சரக்குக்கு முன்னால் மாதிரி ஏதாவது அனுப்பினீர்களா என்று கேட்டார். அனுப்பினோம் என்று பெருமையோடு சொன்னேன். மூன்று நாள் பொறுக்கியது, தட்டிக் கேட்டது, துடைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டார்.

“அக்கா, மூட்டையில இருக்கதும் அதே கரிதானா?”

 முழங்கை வரைக்கும் கையை விடுகிறவள் நான். மூட்டையின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று என்னைத் தவிர யாருக்குத் தெரியும்?

“நீங்க ஒண்ண மாதிரின்னு அனுப்பி, அவிய அதப் பாத்துச் சரின்னு வாங்கினா, பெறவு அது மரியாதைக்கு அனுப்பின பொருள் இல்லக்கா. அது நீங்க குடுத்த வாக்கு. கண்டெய்னர் மொத்தமும் அப்படித்தான் இருக்கணும். இல்லேன்னா அவரு நஷ்டஈடு கேக்கலாம்.”

எவ்வளவு நாளைக்குள் கேட்கலாம் என்றேன். சரக்கு வந்ததும் சீக்கிரமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், குறை கண்டால் நியாயமான காலத்துக்குள் சொல்ல வேண்டும், எப்படியும் இரண்டு வருஷத்துக்கு மேல் சொல்ல முடியாது என்றார். அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது இரண்டு வருஷம் மட்டும். இரண்டு வருஷம் போன் அடிக்கும்போதெல்லாம் பஹ்ரைனோ என்று எட்டிப் பார்க்க வேண்டுமே.

வாங்குகிறவர் தாமதமாகச் சொன்னால் தப்பித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“தப்பிக்கலாம். ஆனா குறை இருக்குன்னு உங்களுக்கு முன்னாலயே தெரிஞ்சு, சொல்லாம விட்டிருந்தா அந்த வழி அடைஞ்சு போவும்.”

“எனக்குத்தான் தெரியாதே மேடம்.”

“இப்பத் தெரியும்லா,” என்றார்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் வெளியே பார்க்கவில்லை. வியன்னா எங்கிருந்தால் எனக்கென்ன என்று வீட்டில் இருந்திருக்கலாம். படிக்கத் தெரியாத பத்தியைப் படிக்கப் போய், தெரியாது என்று சொல்கிற வசதியையும் போக்கிக்கொண்டேன். எட்டாவது படிக்காமல் போனதுபற்றி அன்றைக்கு ஒரு நாள்தான் எனக்கு வருத்தமே இல்லை. ஏழாவதையும் படிக்காமல் இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

கிட்டங்கியில் வந்து இறங்கி, தண்ணீர்கூடக் குடிக்காமல் எல்லாவற்றையும் கொட்டினேன். மதினி கோணி ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்திவிட்டுக் கேட்டாள். வீட்டுக்காரர் சிரித்தார்.

“ஏட்டி, தூத்துக்குடிக்காரரு இத்தனை வருசமா வாங்குதாரு. ஒரு நாளாவது மூட்டையக் கவுத்துப் பாத்திருக்காரா?”

அவருக்கு நம் மூட்டையைத் தெரியும், இவருக்கு நாம் அனுப்பிய பெட்டியைத்தான் தெரியும் என்றேன். இன்னொன்றும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கம் மூட்டை பிடிக்கும்போது வாய்ப்பக்கம் பெரிய கரியாகப் பார்த்து அடுக்கித்தான் தைப்போம். பெரியது மேலே இருந்தால்தான் உள்ளே இருக்கிற குச்சி சிந்தாது. இங்கே வாங்குகிற எல்லாருக்கும் அது தெரியும். வாயைப் பார்த்து யாரும் விலை சொல்வதில்லை. ஆனால் பஹ்ரைனில் ஒருவர் மூட்டையைப் பிரிக்கிறார். மேலே பெட்டியில் வந்த அதே தூர்க்கரி. அதை எடுத்தால் கீழே முழுக்கக் குச்சி. அவர் நம்மை என்னவென்று நினைப்பார்? வீட்டுக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது.

மதினி விடவில்லை.

“பொண்ணு பாக்க வாரன்னைக்குப் பட்டுச்சேலை கட்டத்தான் செய்வோம். அதுக்காக மாப்பிள்ளை வீட்டுக்காரவிய, நெதமும் பட்டுச்சேலை எங்கன்னு வந்து கேப்பாவளாக்கும்?”

“அவரு பொண்ணப் பாக்க வரல மதினி. பட்டுச்சேலையத்தான் விலை பேசியிருக்காரு.”

மதினி ஊசியை உருவிக்கொண்டு, கோவில்பட்டி போய்ட்டு வந்தா இவளுக்கு வாய் வந்துருது என்று முனகிவிட்டுத் தைக்க ஆரம்பித்தாள்.

எல்லாவற்றையும் தூர்க்கரியாக மாற்ற வழியில்லை. பதினோரு குடும்பத்துத் தூரையும் சேர்த்தால்கூடக் கண்டெய்னரில் பாதி நிறையாது. இருப்பது இரண்டு வழி. பேசாமல் ஏற்றிவிட்டுச் சாமியைக் கும்பிடுவது. அல்லது இப்போதே சொல்வது. சொன்னால் வேண்டாம் என்றுவிடலாம். அப்படியானால் நம்பி நிறுத்தி வைத்த பதினோரு வீட்டுக் கரி எங்கே போகும்? தூத்துக்குடிக்காரரிடம் திரும்பிப் போய் நிற்க முகம் இருக்கிறதா? இதையெல்லாம் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சொன்னால் வருகிற பயம் இரண்டு நாள். சொல்லாவிட்டால் வருகிற பயம் இரண்டு வருஷம். எனக்குக் கணக்கு வராது; ஆனாலும் இந்தக் கணக்கு வந்தது.

வீட்டுக்காரர் முதலில் பதினோரு வீட்டுக்கும் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வரட்டும் என்றேன். அவர்கள் கரி, அவர்களுக்குத் தெரியாமல் நாம் பேசக் கூடாது. அவர் சாயங்காலம் திரும்பி வந்து, பத்துப் பேர் சொல்லிருங்க, சீக்கிரம் சொல்லிருங்க என்றார்கள் என்றும், ஒருவர் மட்டும் இந்தத் தலைவலியே வேண்டாமென்று தன் கரியை எடுத்துக்கொண்டுவிட்டார் என்றும் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. எடுத்துக்கொள்ள எனக்கும் தனியாக ஒரு கரி இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

மறுநாள் காலையில் கிட்டங்கி வாசலில் தார்ப்பாயை விரித்தோம். மூட்டைகளில் கண்ணை மூடிக்கொண்டு மூன்றைத் தொட்டேன். அந்த மூன்றையும் தார்ப்பாயில் கவிழ்த்தோம். மேலே அடுக்கியிருந்த தூர்க்கரி கீழே போய்விட்டது. குச்சியும் பொடியும் மேலே வந்துவிட்டன. வீட்டுக்காரர் போனில் வீடியோ பிடித்தார். பிறகு பஹ்ரைன் கடை மேனேஜருக்கு நானே குரல் பதிவு அனுப்புவதாக முடிவாயிற்று. அவர் மலையாளி, தமிழ் தெரியும். முதல் தடவை பாதியிலேயே பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். இரண்டாவது தடவை ஒரு ஆடு குறுக்கே கத்தியது. மூன்றாவது தடவை அழுகை வந்துவிட்டது. நாலாவதில் மதினி, இவ என்னமோ எழவு சொல்லுத மாதிரி சொல்லுதா என்றாள். ஐந்தாவது இது:

“ஐயா, கரி கிட்டங்கியில இருந்து பேசுதேன். நாங்க அனுப்பின மாதிரிப் பெட்டி, இருக்கதுலயே நல்ல கரியாப் பாத்துப் பொறுக்கினது. ஏமாத்த இல்ல, மரியாதைக்கு. எங்க மூட்டை அப்படி இருக்காது, இந்த வீடியோவுல இருக்கதுதான் எங்க மூட்டை. சரக்கு இன்னும் இங்கனதான் இருக்கு. ஏத்துததுக்கு முன்னால உங்களுக்குத் தெரியணும். நீங்க என்ன சொன்னாலும் சொல்லுங்க.”

அனுப்பிவிட்டுத்தான் அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று தெரிந்தது. அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. இரண்டு நாள் பயம் என்று நான் போட்ட கணக்கு, ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் தொடங்கும். அந்த இரண்டு நாளும் கிட்டங்கியில் இருந்த எல்லா மூட்டையிலும் கையை விட்டுப் பார்த்தேன். எல்லாம் ஆறித்தான் இருந்தன. நான் ஒருத்திதான் கொதித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலையில் பதில் வந்தது. ஒரே வரி. “சேச்சி, முதலாளி வீடியோ கண்டு. இப்போ தேஷ்யத்துல இருக்கார். நாளைக்கு விளிக்கும்.” தேஷ்யம் என்றால் கோபம் என்று லீவில் வந்த அந்தப் பக்கத்து ஊர்க்காரர் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டோம். விளிக்கும் என்றால் கூப்பிடுவார். கோபமாக இருக்கிறவர் எதற்குக் கூப்பிடுவார் என்று வீட்டுக்காரர் கேட்டார். வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு வரி போதுமே, கூப்பிடுகிறார் என்றால் பேச வேண்டியது இருக்கிறது என்று மதினி சொன்னாள். அன்றைக்கு அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். அதைப் பிடித்துக்கொண்டு மறுநாள் வரை ஓட்டினேன்.

மறுநாள் போனை மூட்டைமேல் வைத்து, சத்தத்தைக் கூட்டி, மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். முதலாளி பேசியதை மேனேஜர் தமிழில் சொன்னார். முதலில் திட்டு. அதை மேனேஜர் சுருக்கித்தான் சொன்னார், ஆனால் அந்தப் பக்கத்துச் சத்தம் நீளமாகக் கேட்டது. பிறகு கேள்வி. நூறு கிலோவில் தூர் எவ்வளவு, குச்சி எவ்வளவு, பொடி எவ்வளவு? வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். எந்த ஊர்ப் பக்கத்து மூட்டத்தில் தூர் கூடுதல், எதில் பொடி கூடுதல் என்றும் சொன்னேன். தினமும் மூட்டைக்குள் இருக்கிற கைக்கு அதுகூடத் தெரியாதா?

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அவர்களுக்குள் பேசினார்கள். பிறகு விஷயம் வேறு பக்கம் திரும்பியது. ஓட்டலுக்குத் தூர்க்கரிதான் வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் வீட்டில் சுடுகிறவர்களுக்கு அவர்கள் சின்னப் பை விற்கிறார்களாம். அதற்குச் சீக்கிரம் பற்றுகிற கரிதான் தோது. தூரைத் தனியாகவும் குச்சியைத் தனியாகவும் பிரித்து, மூட்டையில் வேறு வேறு அடையாளம் போட்டு அனுப்ப முடியுமா? குச்சிக்கு விலை குறைவு. விரல் நீளத்துக்குக் குறைந்தது ஒன்றும் வரக் கூடாது. பிரிக்க இன்னும் பதினைந்து நாள் தருகிறோம்.

குச்சியின் விலையைக் கேட்டதும் வீட்டுக்காரர் முகம் சுண்டியது. நினைத்ததைவிடக் குறைவுதான். இருந்தாலும் தூத்துக்குடி விலைக்கு மோசமில்லை. அவர் தலையை ஆட்டினார். போனில் தலையாட்டினால் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று மதினி அவர் முழங்காலில் இடித்த பிறகுதான் வாயைத் திறந்து சரி என்றார்.

இந்த மாற்றங்களை எழுதிப் புதிதாக வந்த ஒரு பக்கத்தை வக்கீலம்மாவுக்கு அனுப்பினேன். பழைய ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு மாற்றினால் அந்தச் சட்டத்துக்கு அது போதும், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்றார். ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொன்னார். இந்தத் தடவை மாதிரியை மூட்டை வயிற்றிலிருந்து எடுங்கள். இரண்டு பை போடுங்கள். இரண்டையும் முத்திரை வைத்து, ஒன்றை அவர்களுக்கு அனுப்பிவிட்டு ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் அந்தப் பை உங்களுக்காகப் பேசும்.

பத்து வீட்டு ஆட்களும் கிட்டங்கிக்கு வந்துவிட்டார்கள். அவரவர் கரியை அவரவரே பிரித்தார்கள். எது தூர், எது குச்சி, எது கழிவு என்று சண்டையும் வந்தது. ஒருவர் விரல் நீளம் என்றால் யார் விரல் என்று கேட்டார். மதினி தன் நடுவிரலை நீட்டி, இதுதான் பஹ்ரைன் விரல், இதுக்குக் குறைஞ்சா கழிவு என்றாள். அதற்கப்புறம் யாரும் அளவு கேட்கவில்லை. சந்தேகம் வந்தால் கரியை அவளிடம் கொண்டுபோய் விரலோடு வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். கழிவும் பொடியும் ஒரு மூலையில் எங்கள் உயரத்துக்குக் குவிந்தது. அதில் பாதி இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லும்போது அந்தக் குவியலையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வக்கீலம்மா சொன்னபடியே ஒரு பை பஹ்ரைனுக்குப் போனது; முத்திரை வைத்த எங்கள் பையைக் கிட்டங்கியில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. எலி கடித்துவிட்டால்? வீட்டில் பீரோவுக்குள் வைத்தேன். பட்டுச்சேலைக்குப் பக்கத்தில் கரிப்பையா என்று மதினி கேட்டாள். இனிமேல் இதுதான் நமக்குப் பட்டுச்சேலை என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். என் பக்கம் அவர் பேசியது எனக்கே ஆச்சரியம்.

கண்டெய்னர் ஏற்றுகிற அன்றைக்கு ஒவ்வொரு மூட்டையிலும் கையை விட்டேன். சூட்டுக்காக ஒரு தடவை, உள்ளே இருப்பது அடையாளத்தோடு பொருந்துகிறதா என்று ஒரு தடவை. லாரிக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கப்பலில் ஏறிவிட்டால் அதற்கப்புறம் கடலில் நடப்பது வாங்குகிறவர் பொறுப்பு, உங்கள் ஒப்பந்தம் அப்படித்தான் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். அதைக் கேட்டு வீட்டுக்காரருக்கு நிம்மதி. எனக்கு இல்லை. பொறுப்பு யாருடையதாக இருந்தால் என்ன, கரி எங்கள் கரி. கப்பல் போய்ச் சேருகிறவரை டி.வி.யில் புயல் செய்தி ஒன்றுவிடாமல் பார்த்தேன், அது எந்தக் கடலாக இருந்தாலும்.

சரக்கு இறங்கிய மூன்றாம் நாள் ஒரு போட்டோ வந்தது. வெள்ளைத் தரையில் ஒரு மூட்டையை முழுசாகக் கவிழ்த்திருக்கிறார்கள். பக்கத்தில் நாங்கள் அனுப்பிய மாதிரிப் பை, முத்திரை உடைத்துக் கொட்டியிருக்கிறது. இரண்டு குவியலையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். எது பை, எது மூட்டை என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. கீழே மேனேஜர் எழுதியிருந்தார்: “சரியாக உண்டு. ரெண்டாவது கண்டெய்னருக்கு மாதிரி எடுக்கணும்.”

போன வாரம் அந்த இரண்டாவது மாதிரியை எடுத்தோம். இந்தத் தடவை வீட்டுக்காரரே, நான் சொல்லாமலே, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குச்சிக்கரி மூட்டைக்குள் கையை விட்டு வயிற்றிலிருந்து அள்ளிப் பையில் போட்டார். ஒன்று பாம்பு போலக் கோணலாக, பாதி பட்டையோடு வந்தது. மதினிக்குக் கை சும்மா இருக்காது; அதை எடுத்து ஓரமாகப் போடப் போனாள். வீட்டுக்காரர் அவள் கையிலிருந்து வாங்கித் திரும்பவும் பைக்குள்ளேயே போட்டார்.

“அது கெடக்கட்டும். அதுவும் நம்ம கரிதான்.”

முதலில் தன் கரியை எடுத்துக்கொண்டு போய்விட்ட அந்தப் பதினோராவது வீட்டு ஆள் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வாங்க என்றோம். அடுத்த மூட்டம் எப்போது பிரிக்கிறீர்கள் என்று வீட்டுக்காரர் அவரிடம் கேட்க, நான் பையின் வாயைக் கட்டுவதற்கு முன்னால் உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். ஆறித்தான் இருந்தது. ஆனாலும் இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் கட்டினேன்.